மோகனமும் தப்பும் ஒரே பாட்டில்: இளையராஜாவின் இசைக் கலப்பை எப்படிக் கேட்பது?

இளையராஜாவின் பாட்டு ஒலிக்காத தோட்டம் மலையகத்தில் இல்லை. தேர்த் திருவிழா ஒலிபெருக்கி, ஹட்டன் பஸ், கல்யாண வீடு, த்ரீவீலர் என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு பாட்டு கூடவே வரும். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், கர்நாடக சங்கீதத்தையும் மேலைத்தேய சங்கீதத்தையும் கலந்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, எப்படிக் கலந்தார் என்று கேட்டுப் பாருங்கள். மிருதங்கமும் இருக்கும், கிட்டாரும் இருக்கும் என்பதோடு பதில் முடிந்துவிடும்.

வாத்தியங்களை ஒன்றாக உட்காரவைப்பது அந்தக் கலப்பில் ஆகச் சிறிய வேலை. அதை யாரும் செய்யலாம், பலர் செய்தும் இருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று இடிக்கும் இரண்டு இலக்கணங்களை, இரண்டும் கெடாமல், ஒரே பாட்டுக்குள் நடத்திக்கொண்டு போவதுதான் கடினம். இளையராஜா கண்ட வழி, என் புரிதலில், இது: எந்த மரபு எதில் கைதேர்ந்ததோ அந்த வேலையை அதற்கே கொடுத்தார். பாடும் மெட்டை ராகத்திடம் விட்டார். மெட்டுக்கு அடியில் நடப்பதை மேலைத்தேயத்திடம் ஒப்படைத்தார். உடம்பை அசைக்கும் அடியையும், சொல்லை வாய்விட்டுப் பாடும் விதத்தையும் நாட்டார் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் அவருடைய பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். சங்கீதம் படிக்காதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு கோடும் பல கோடுகளும்

நம்முடைய பாடசாலைகளில் சங்கீதம் தனித்தனிப் பாடமாகப் பிரிந்து கிடக்கிறது. சாதாரண தரத்துக்கு அழகியல் பாடமாகக் கர்நாடக சங்கீதம் எடுக்கலாம், மேலைத்தேய சங்கீதம் எடுக்கலாம். இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது கர்நாடகம், அதுவும் பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இருந்தால். மாயாமாளவகௌளையில் சரளிவரிசை, அப்புறம் ஜண்டைவரிசை, கீதம் என்று போகும். கெட்டிக்காரப் பிள்ளைகள் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கும் தோற்றுவார்கள்.

கர்நாடக இசையில் முதலில் கவனிக்க வேண்டியது, அங்கே மெட்டு ஒன்றே ஒன்றுதான். மேடையில் நான்கைந்து பேர் இருக்கலாம். பாடகர் பாடுகிறார், வயலின் அவர் பாடியதையே பின்தொடர்ந்து வாசிக்கிறது, தம்புரா ஆதார சுருதியை விடாமல் மீட்டுகிறது, மிருதங்கம் தாளத்தை விரிக்கிறது. எல்லோருடைய உழைப்பும் அந்த ஒற்றை மெட்டுக்காகத்தான். கோடு ஒன்றே என்பதால் அதை எவ்வளவு வேண்டுமானாலும் நுணுக்கலாம். ஒரு சுரத்தை நேராக நிறுத்தாமல் அசைத்து, இழுத்து, பக்கத்துச் சுரத்தைத் தொட்டுவிட்டு வருவதைக் கமகம் என்கிறோம். பல ராகங்களுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது.

மேலைத்தேய சாஸ்திரிய இசை வேறு பாதையில் வளர்ந்தது. அங்கே பல கோடுகள் ஒரே நேரத்தில் ஓடும். வயலின்கள் ஒன்றை வாசிக்கும், செல்லோக்கள் அதற்குக் கீழே இன்னொன்றை வாசிக்கும், புல்லாங்குழல் மூன்றாவது ஒன்றோடு நடுவில் நுழையும். யார் எந்த நொடியில் எதை வாசிக்க வேண்டும் என்பது தாளில் எழுதப்பட்டிருக்கும். இத்தனை கோடுகளும் மோதாமல் போக வேண்டுமானால் ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். ஆகவே கமகத்துக்கு அங்கே இடம் குறைவு.

மூன்று நான்கு சுரங்கள் ஒன்றாக ஒலித்தால் அது கோர்ட். கீபோர்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்தவர்கள் அதைக் கேட்டிருப்பார்கள். கோர்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி மெட்டுக்கு ஏற்றும் நிறம் ஹார்மனி. இரண்டு தனி மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடி, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு போவது கவுன்ட்டர்பொயின்ட். பாடசாலை விழாக்களில் பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் வழியில் ஆடுகிறாள், மேலே கயிறு பின்னிக்கொண்டே போகிறது. ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தாலும் அங்கே முழு ஆட்டம் இருக்கும், நிமிர்ந்து பார்த்தால் பின்னல் தெரியும். கவுன்ட்டர்பொயின்டைக் கேட்கும்போது காது இந்த இரண்டையும் செய்யப் பழக வேண்டும்.

நம் காதில் ஏற்கெனவே இருப்பது

மூன்றாவது மரபுக்குப் பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. மலையகத்தில் பிறந்தவருக்கு அது தப்பு என்னும் பறையின் ஒலியாகவே காதில் விழுந்திருக்கும். ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆட்களைக் கூப்பிட்டது தப்பு. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்துக்கு வேறு அடி. தோலை நெருப்பில் காய்ச்சி இறுக்கி, ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சியும் மறுகையில் கட்டைக் குச்சியும் பிடித்து அடிக்கிறார்கள். கட்டைக் குச்சி நடையைச் சொல்கிறது. மெல்லிய குச்சி அந்த நடைக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகளைப் பொடிப்பொடியாக நிரப்புகிறது. தூரத்து டிவிசனில் அடிப்பது இங்கே கேட்டாலே, அது சாவு வீடா கோயிலா என்று லயன் வீடுகளில் இருக்கும் பெண்கள் சொல்லிவிடுவார்கள். அடியின் வேகத்தையும் எண்ணிக்கையையும் பிரித்து அறிவதால்தான் அதைச் சொல்ல முடிகிறது. அது அசலான இசையறிவு. அதற்கு யாரும் அந்தப் பெயரைக் கொடுக்காததில் எனக்கு வருத்தம் உண்டு.

மாசி மாதத்துக் காமன் கூத்தில் இன்னொன்றையும் கேட்கலாம். மன்மதன் எரிந்தபின் ரதி பாடும் ஒப்பாரியில் குரல் அடைபடாமல், நெஞ்சிலிருந்து அப்படியே வெளியே வரும். சொல் முன்னால் நிற்கும், சுரம் அதன் பின்னால் வரும். கச்சேரி மேடையில் பெரும்பாலும் சுரம் முன்னால் நிற்கும், சொல் அதற்குள் கரையும். இளையராஜாவின் கிராமத்துப் பாட்டுகளில் ஜானகியும் மலேசியா வாசுதேவனும் பாடியிருப்பதைக் கேட்டால், சொல் முன்னால் நிற்கும் அந்தப் பாடும் முறையை அவர் எவ்வளவு கவனமாகப் பாதுகாத்தார் என்பது விளங்கும்.

அடியைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். தப்படிகளில் பல மும்மூன்றாக நடக்கும். "தகிட தகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டே காலைத் தட்டினால் ஆறு எண்ணிக்கை வரும். இலங்கையில் பஸ்ஸில் ஒலிக்கும் பைலாவும் இதே ஆறு எண்ணிக்கைதான். பைலா போர்த்துக்கேயர் காலத்தில் ஆப்பிரிக்கரோடு சேர்ந்து வந்த இசையிலிருந்து வளர்ந்தது, தப்பு நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது கூடவே வந்தது. வழி வேறுவேறு, காலுக்கு ஒன்றுதான். 1970களில் இலங்கையில் தமிழ்ப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தபோது இந்த ஆறு எண்ணிக்கை அதற்குப் பெரிய பலமாக இருந்தது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பிரபலமாக்கிய சுராங்கனி, 1977 இல் இளையராஜா இசையமைத்த ஒரு தமிழ்ப் படத்திலும் இடம்பெற்றது. நம் தீவின் பொப்பிசை அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் வரைக்கும் போயிருக்கிறது என்று நினைக்கையில் சந்தோஷமாக இருக்கிறது.

மலையடிவாரத்திலிருந்து சென்னைக்கு

இளையராஜா 1943 இல் பண்ணைப்புரத்தில் பிறந்தார். இன்றைய தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். மலையேறி அந்தப் பக்கம் போனால் கேரளத்தின் ஏலக்காய், தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெருந்தொகையானோர் தமிழர்கள். மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் பாட்டுக் கட்டிப் பாடியவர். அவருடைய குழுவில் பதினாலு வயதில் தம்பியும் சேர்ந்தார். 1958 இல் தேவிகுளம் இடைத்தேர்தலில், தோட்டத் தொழிலாளர் நடுவே பாவலரின் பாட்டு பெரும் பிரசாரமாக இருந்தது. அப்படிப்பட்ட ஒரு குழுவில்தான் இளையராஜாவின் மேடை வாழ்க்கை தொடங்கியது.

இதைப் படிக்கும் மலையகத்தாருக்கு மீனாட்சியம்மாள் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1930களில் கோ. நடேசய்யரும் அவரும் தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டியபோது, மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான மெட்டுகளில் தொழிலாளர் நிலையைப் பாட்டாக எழுதி அவர் கூட்டங்களில் பாடினார். 1940 இல் அந்தப் பாட்டுகள் அச்சிலும் வந்தன. எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் மெட்டு தெரியும். தெரிந்த மெட்டில் புதுச் சொல்லை ஏற்றிவிட்டால் அடுத்த நாள் கொழுந்து மலையில் அதைப் பாடிக்கொண்டிருப்பார்கள். பாவலர் குழு தேவிகுளத்தில் செய்ததும் இதே வேலைதான். முதல் தடவை கேட்பவரின் காதிலேயே மெட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை இளையராஜா கற்றது இந்தக் கூட்டங்களில். பின்னாளில் அடியில் எவ்வளவு சிக்கலான இசையை வைத்தாலும், மேலே பாடும் மெட்டை யாரும் முணுமுணுக்கக் கூடியதாக வைத்துக்கொண்டாரே, அதற்கு வேர் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1968 இல் சென்னைக்குப் போனார். அம்மா சின்னத்தாய் வீட்டு வானொலிப் பெட்டியை விற்றுக் கொடுத்த 400 ரூபாய்தான் வழிச்செலவு என்று அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைத்தேய இசையையும் அதைத் தாளில் எழுதும் முறையையும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் பரீட்சையில் எட்டாம் தரம் வரை போய்த் தங்கப் பதக்கம் வாங்கினார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், சலில் சௌத்ரியின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தார். கர்நாடக சங்கீதத்தை டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். நாட்டார் பாட்டு சின்ன வயதிலேயே உடம்பில் ஊறியது. இரண்டு சாஸ்திரிய இசைகளையும் அவர் வளர்ந்த ஆளாக, பிழைப்புக்கு நடுவில் உட்கார்ந்து கற்றார். சங்கீதம் படிக்க வயது போய்விட்டது என்று சொல்லும் நம் இளைஞர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

1976 இல் பஞ்சு அருணாசலம் தயாரித்த அன்னக்கிளி வெளியானது. படத்தில் கேட்டது அசல் கிராமத்து மெட்டு, ஜானகியின் குரல். ஆனால் பின்னால் வயலின்கள் வாசித்தது ஒவ்வொரு சுரமாக எழுதப்பட்ட கோடு. அந்தப் பாட்டுகளை நம் மலைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலி. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலும் சினிமாப் பாட்டுக்காக இதே வானொலியைத்தான் திருப்பிவைத்திருந்தார்கள். அடுத்த பதினைந்து வருடங்களில் அவர் எழுதிக் குவித்த வேகத்தை யாராலும் நம்ப முடியாது. 1980 இல் வந்த மூடுபனி அவருடைய 100 ஆவது படம். வாத்தியக்காரர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்து, அவரவர் தாளை அவரவர் முன்னால் வைத்து, உயிரோடு வாசிக்கவைத்துப் பதிந்த காலம் அது.

ராகமும் கோர்ட்டும் ஏன் இடிக்கின்றன?

இனி வருவது கொஞ்சம் மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி. பக்கத்தில் ஒரு கீபோர்ட் அல்லது ஹார்மோனியம் இருந்தால் இன்னும் நல்லது. தொலைபேசியில் இருக்கும் பியானோ செயலியும் போதும்.

மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்தே சுரம்: ச ரி க ப த. ம இல்லை, நி இல்லை. கீபோர்டில் சி கட்டையை ச என்று வைத்துக்கொண்டால், சி, டி, இ, ஜி, ஏ ஆகிய வெள்ளைக் கட்டைகள் மட்டும். இந்த ஐந்தையும் மேலும் கீழுமாக வாசித்துப் பாருங்கள். திறந்த, வெளிச்சமான ஒரு நிறம் வரும். அந்த நிறம் வருவதற்கு ம, நி இரண்டும் வெளியே நிற்பதுதான் காரணம்.

மேலைத்தேய முறையில் இதே சுருதியில் ஒரு மேஜர் பாட்டுக்கு மூன்று கோர்ட்கள் அடிப்படை. ஒன்று ச-க-ப. இரண்டாவது ம-த-ச. மூன்றாவது ப-நி-ரி. கிட்டார் பழகத் தொடங்கும் எவரும் முதலில் பழகுவது இந்த மாதிரி மூன்றைத்தான். முதலாவது மோகனத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாவதில் ம வந்துவிட்டது. மூன்றாவதில் நி வந்துவிட்டது. பாடகர் சுத்தமாக மோகனம் பாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் இந்த மூன்று கோர்ட்டும் மாறி மாறி ஒலித்தால், அவர் பாடாத இரண்டு சுரங்கள் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ராகத்தின் முகம் கலைந்து, எந்த ஊர்ப் பாட்டாகவும் இருக்கக்கூடிய ஒரு பாட்டாக அது மாறிவிடும். திருவிழா மேடையில் இசைக்குழு ஒன்று தெரிந்த பாட்டை வாசிக்கும்போது, வாத்தியம் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு எங்கேயோ விலகிப்போனது போல் தோன்றியிருக்கிறதா? பல நேரம் காரணம் இதுதான்.

இதற்கு வழிகள் உண்டு. ராகத்துக்குள்ளேயே இருக்கும் கோர்ட்களை மட்டும் பயன்படுத்தலாம். மோகனத்தில் ச-க-ப இருக்கிறது, த-ச-க இருக்கிறது. முதலாவது வெளிச்சம், இரண்டாவதில் ஒரு நிழல். இரண்டை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு பல்லவியை நடத்தலாம். இன்னொரு வழி, கோர்ட்டிலிருந்து இடிக்கும் சுரத்தை மட்டும் எடுத்துவிடுவது. ப-நி-ரி என்பதில் நி-யை எடுத்தால் ப-ரி. ம-த-ச என்பதில் ம-வை எடுத்தால் த-ச. நகர்ந்த உணர்வும் கிடைக்கும், ராகமும் கெடாது.

இவை இரண்டும் கவனமுள்ள எந்த இசையமைப்பாளரும் செய்யக்கூடியவை. இளையராஜாவின் கையெழுத்து மூன்றாவது வழியில் இருக்கிறது. அவர் கோர்ட்டை நம்பி நிற்காமல் அடியில் இன்னொரு மெட்டை எழுதுவார். ஆழ்ந்த, கனத்த சுரங்களில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். மற்றப் பல பாட்டுகளில் அது தாளத்தோடு சேர்ந்து ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். அவருடைய பாட்டுகளில் அது தானே ஒரு பாட்டுப் பாடும். பாடகர் மூச்சு விடும் இடத்தில் அது ஏறும், பாடகர் ஏறும் இடத்தில் அது இறங்கும். அந்தக் கோடும் ராகத்தின் சுரங்களிலேயே கட்டப்பட்டிருந்தால், இரண்டு கோடுகளும் சேரும் ஒவ்வொரு நொடியிலும் ஹார்மனி தானாகப் பிறக்கிறது. யாரும் கோர்ட் அழுத்தவில்லை, ஆனாலும் கோர்ட் கேட்கிறது. மேலைத்தேயத்தின் கவுன்ட்டர்பொயின்ட், கர்நாடகத்தின் ராக ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு நடக்கும் இடம் இது. என் மட்டில், இந்த ஒன்றைச் செய்து காட்டியதற்காகவே அவரை மேதை என்பேன்.

கமகத்தால் வரும் இடிப்பு இன்னொன்று. தோடி போன்ற ராகத்தில் சுரங்கள் அசைந்துகொண்டே இருக்கும். அசையாமல் நிற்கும் கோர்ட்டோடு அது உரசும். இதைச் சமாளிக்க ராகத் தெரிவு உதவுகிறது. சங்கராபரணத்தின் சுரங்களும், மேஜர் ஸ்கேல் எனப்படும் மேலைத்தேயச் சுர வரிசையின் சுரங்களும் ஒன்றுதான். நடபைரவியும் இயல்பான மைனர் ஸ்கேலும் அப்படியே. கீரவாணி, ஹார்மனிக் மைனர் எனப்படும் ஸ்கேல். இரண்டு ஊருக்கும் பொதுவான பாலம் போல இருக்கும் இந்த ராகங்களில் அவர் நிறையவே நடமாடியிருக்கிறார். மூடுபனியில் கிட்டாரோடு வரும் "என் இனிய பொன் நிலாவே" நடபைரவியின் சுரங்களில் அமைந்தது. இரட்டை வால் குருவியின் "ராஜ ராஜ சோழன் நான்" கீரவாணி. கிட்டார் பழகும் பையன் அதை மைனர் பாட்டு என்று வாசிப்பான், சங்கீதம் படிக்கும் தங்கை அதைக் கீரவாணி என்று பாடுவாள். இருவர் சொல்வதும் சரி. ஜேசுதாஸ் அந்தப் பாட்டில் எங்கே குரலை அசைக்கிறார், எங்கே நேராக நிறுத்துகிறார் என்று கவனித்தால், எந்தச் சுரத்தின் அடியில் கோர்ட் நிற்கிறது என்பதைக்கூட ஊகிக்கலாம்.

இரண்டு பாட்டு, கிட்டத்தில் வைத்து

கலப்பின் தத்துவத்தையே கதையாகச் சொல்லும் ஒரு பாட்டு உண்டு. 1985 இல் வந்த சிந்து பைரவியின் "பாடறியேன் படிப்பறியேன்". கதையில், தமிழில் பாடினால் என்ன, கிராமத்துப் பாட்டைப் பாடினால் என்ன என்று கேட்கும் பெண், கச்சேரி கேட்கும் கூட்டத்தின் முன்னால் பாடுகிறாள். முதலில் வருவது படிப்பறியாத பெண்ணின் நாட்டார் மெட்டு. சொல் முன்னால் நிற்கிறது, பேச்சு வழக்கு அப்படியே இருக்கிறது. போகப் போக அந்த மெட்டு விரிந்து, சுரங்களாகி, கடைசியில் தியாகராஜரின் "மரி மரி நின்னே" கிருதியில் போய்ச் சேர்கிறது. தையல் எங்கே என்று தேடினால் அகப்படாது. இரண்டும் சாரமதி என்ற ஒரே ராகத்தில் நிற்பதால்தான்.

இதில் அவர் எடுத்த துணிச்சல் ஒன்று இருக்கிறது. "மரி மரி நின்னே" காலங்காலமாகக் காம்போதி ராகத்தில் பாடப்படும் கிருதி. இளையராஜா அதைச் சாரமதிக்கு மாற்றினார், நாட்டார் மெட்டுக்கு அருகில் அதைக் கொண்டுவருவதற்காக. வழக்கமாக நாட்டுப்புற மெட்டைத்தான் சாஸ்திரிய இசைக்கு ஏற்பச் செதுக்குவார்கள். இங்கே தியாகராஜர் கிருதி கிராமத்துப் பெண்ணின் மெட்டை நோக்கி நடந்து வந்தது. அதை ஏற்காத வித்துவான்களும் இருந்தார்கள். எனக்கு அதில் அவமரியாதை எதுவும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தின் முன்னால் இரண்டு இசைக்கும் சம ஆசனம் போட வேறு வழி இருக்கவில்லை. அந்தப் படத்துக்காக இளையராஜாவுக்கும், இந்தப் பாட்டுக்காகச் சித்ராவுக்கும் இந்திய தேசிய விருது கிடைத்தது.

இரண்டாவது பாட்டு, 1991 இல் வந்த தளபதியின் "ராக்கம்மா கையத் தட்டு". 2002 இல் பி.பி.சி. உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகப் பாட்டுகளில் நான்காவது இடத்தைப் பிடித்தது இது. பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடிய குத்தாட்டப் பாட்டு, நம்மூர்க் கல்யாண வீட்டில் இன்றைக்கும் ஆட எழுப்பும் பாட்டு. ஆனால் தொடங்குவது வயலின்களின் ஒரு கூரான வரிசையோடு. நாலைந்து சுரங்களிலேயே அது பாட்டின் அடையாளம் ஆகிவிடுகிறது. அப்புறம் ஆட்டம். நடுவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஆரவாரம் ஒதுங்கிப் பெண் குரல்கள் "குனித்த புருவமும்" என்று தொடங்குகின்றன. அப்பர் சுவாமிகளின் தேவாரம், நான்காம் திருமுறை, ஏழாம் நூற்றாண்டு.

பாடசாலையில் சைவநெறி படித்த, கோயிலில் பஞ்சபுராணம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் தனியாகத் தைக்கும். தேவாரத்தைக் குத்துப்பாட்டில் வைக்கலாமா என்று கேட்பவர்கள், அது எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவை இயர்போனில் கேட்க வேண்டும். ஆட்டத்தின் அடி அதன் மேல் ஏறவில்லை. வயலின்கள் நீளமான சுரங்களாக மாறிக் கீழே இறங்கி நிற்கின்றன, வாக்கு தெளிவாகக் கேட்கிறது. நாட்டார் அடி, சைவத் திருமுறை, மேலைத்தேய வயலின் மூன்றும் முறைவைத்து வந்து போகின்றன. ஒன்று பேசும்போது மற்றது குரலைத் தாழ்த்துகிறது.

படத்துக்கு வெளியே அவர் செய்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முதலில் கேட்க வேண்டியது பாட்டுகள்தான். 1986 இல், தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் சமர்ப்பித்து, "ஹவ் டு நேம் இட்" என்ற சொற்கள் இல்லாத இசைத்தட்டை வெளியிட்டார். அதில் ஓரிடத்தில் பாக்கின் வயலின் இசையே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதைச் சுற்றி இளையராஜாவின் கோடுகள் ஓடுகின்றன. தனி வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். 1988 இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு இன்னொன்று வந்தது. 2005 இல் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிந்தார். 2025 மார்ச் 8 இல், 81 வயதில், லண்டனில் ரோயல் பில்ஹார்மொனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை மேடையில் வாசித்தது. தேவிகுளம் இடைத்தேர்தல் காலத்தில் அண்ணனின் குழுவில் சேர்ந்த பையன் அவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வரிசையைப் பாருங்கள்.

இனி, கேட்கத் தொடங்குபவர்களுக்கு. தெரிந்த ஒரு பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், புதுப் பாட்டு வேண்டாம். முதல் தடவை அடியை மட்டும் கேளுங்கள். மும்மூன்றா நான்கு நான்கா என்று விரலால் எண்ணிவிடுங்கள். தப்புக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே அகப்படும். அடுத்த தடவை பாடகரை விட்டுவிட்டு பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். த்ரீவீலர் ஸ்பீக்கரில் அது இரைச்சலாகத்தான் வரும், ஆகவே இயர்போன் வேண்டும். மூன்றாவது தடவை, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையில் எத்தனை கோடுகள் ஓடுகின்றன என்று பாருங்கள். இரண்டு கோடுகளைப் பிரிக்க முடிந்தாலே அன்றைக்குப் போதும்.

திருவிழா இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கும் தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மோகனத்தில் அமைந்த ஒரு பக்திப் பாட்டை எடுங்கள். மூன்று கோர்ட் பழக்கத்தை விட்டுவிட்டு, இடது கையில் ச, த, ப மட்டும் ஒவ்வொன்றாக, நீளமாக வாசியுங்கள். வலது கை சும்மா இருக்கட்டும். அதோடு பாடகருக்கு அது பழகியதும், அவர் மூச்சு விடும் இடங்களில் மட்டும் வலது கையால் ஐந்து சுரத்துக்குள்ளேயே ஒரு சின்னப் பதில் வையுங்கள். பின்னால் தப்பு இருந்தால் அதன் மெல்லிய குச்சி எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த இடங்களைத் தவிர்த்து வையுங்கள்.